தொலைநோக்கியை விற்றுவிட வேண்டுமா?

கோயம்புத்தூரிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அவருக்குத் திருமணமாகி 3 ஆண்டுகள் ஆகின்றன. 14 மாதப் பெண் குழந்தை இருக்கிறது. சென்ற ஆண்டு 8 அங்குலக் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். மாதத்தில் மூன்று நான்கு இரவுகள் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆனைகட்டிப் பக்கம் நண்பரின் தோட்டத்துக்குப் போய், விடியற்காலை மூன்று மணிக்கு மேல் வீடு திரும்புகிறார். மனைவிக்கு இதில் துளியும் நாட்டமில்லை. ஒவ்வொரு முறையும் வாக்குவாதம். இடையில் ஒரு வரி எழுதுகிறார்: "விலையைப் பாதியாகத்தான் அவளிடம் சொன்னேன், அது வேறு விஷயம்." மனைவிக்கு எப்படி ஆர்வத்தை உண்டாக்குவது, அது நடக்காது என்றால் தொலைநோக்கியை விற்றுவிடுவதுதான் வழியா என்று கேட்டு முடிக்கிறார். எழுத்தில் இருப்பதன் சாரம் இவ்வளவே. ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், தனக்குப் பிடித்த ஒன்றுக்காகச் சில இரவுகளை ஒதுக்கிக்கொள்வது மனைவிக்கும் குழந்தைக்கும் செய்யும் துரோகமா என்ற உறுத்தல்தான் அவரை எழுத வைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். 25 ஆண்டுகளாக வானத்தைப் பார்த்துவருகிறேன். அதில் பெரும்பகுதி திருமணத்துக்குப் பிந்தியது. பள்ளிகளிலும் ஊர்த் திடல்களிலும் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்தும்போது, எல்லோரும் கலைந்த பிறகு தயங்கி நின்று இதே கேள்வியைக் கேட்ட இளைஞர்கள் உண்டு. நிலவு, பருவம், மேகம், கருவி ஆகியவை பற்றி நான் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கணவன் மனைவி உறவு பற்றிச் சொல்வது அப்படியல்ல. நான் குடும்பநல ஆலோசகர் அல்லன். என் வீட்டில் நடந்ததையும், நெருங்கிப் பார்த்த நான்கைந்து வீடுகளில் நடந்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன். அது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். ஆண்டுக்கு 12 அல்லது 13 அமாவாசைகள் வருகின்றன. நெபுலா எனும் வாயுத் தூசு மேகங்கள், கேலக்ஸி எனும் விண்மீன் திரள்கள் போன்ற மங்கலான பொருள்களைப் பார்க்க, நிலவொளியும் ஊர் வெளிச்சமும் இல்லாத இரவு வேண்டும். அதற்காகத்தான் நீங்கள் ஆனைகட்டி வரை போகிறீர்கள். ஆனால் அந்த அமாவாசைகளில் எத்தனை நமக்கு உண்மையில் கிடைக்கின்றன? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் மலையடிவாரப் பகுதிகளின் மேல் கவிந்து நிற்கும். மழை குறைவாக இருந்தாலும் வானம் திறப்பது அபூர்வம். அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழை. மீதமிருப்பவை டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை வரும் நான்கைந்து அமாவாசைகள்தான். அதற்கு வெளியே ஒன்றிரண்டு வாய்த்தால் அது கூடுதல். ஆக, 20 கிலோ எடையைத் தூக்கிக் காரில் வைத்து ஊருக்கு வெளியே போகத் தகுதியான இரவுகள் ஓர் ஆண்டில் ஐந்தோ ஆறோ. நீங்கள் ஆண்டுக்கு நாற்பது இரவுகள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நானும் போனவன்தான். என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினால், பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் தேதிக்குக் கீழே "மேகம்" என்ற ஒற்றைச் சொல் மட்டுமே இருக்கிறது. அந்த இரவுகளில் நான் வீட்டில் இருந்திருக்கலாம்.

அமாவாசை இரவேதான் வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. நிலவு நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து உதிக்கிறது. அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு என்றால், விடிவதற்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் முன்னர்தான் மெல்லிய பிறை எழும். அதுவரை முழு இருட்டு. மூன்று நாள் பின்பு என்றால், சூரியன் மறைந்த இரண்டரை மணி நேரத்துக்குள் பிறையும் மறைந்துவிடும். முன்னே மூன்று, பின்னே மூன்று, நடுவில் அமாவாசை என ஏழு நாள். அந்த ஏழு நாளில் ஒரு சனிக்கிழமை கட்டாயம் இருக்கும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் அமாவாசை என்பது வெறும் நிலவில்லாத நாள் அன்று. அம்மா விரதம் இருப்பார். முன்னோருக்குப் படையல் இருக்கும். காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் இலை போடுவார்கள். நமக்கு வானம் மிகத் தெளிவாக இருக்கும் பருவத்தில்தான் தை அமாவாசை வருகிறது. அந்தக் காலையில் வீட்டு ஆண்மகன் கண் சிவந்து, குளிக்காமல், பத்து மணி வரை படுத்துக் கிடந்தால் வீட்டிலுள்ளவர்களுக்கு ஏற்படும் வருத்தம் நியாயமானது. அமாவாசையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அருகிலுள்ள சனிக்கிழமையை வானத்துக்கு வைத்துக்கொண்டால் வானம் ஒன்றும் குறைந்துவிடாது. மாறாக, மகா சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவதால் அதுவும் இருண்ட இரவு, பருவமும் தெளிவானது, வீட்டில் பலரும் விழித்திருப்பார்கள். அன்று நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் தெற்கே தென்சிலுவை விண்மீன் கூட்டம் நிமிர்ந்து நிற்கும். எங்கள் வீட்டில் கோயிலிலிருந்து திரும்பிய பெரியவர்கள் மாடியேறி வந்து பார்த்த இரவு ஆண்டில் அது ஒன்றுதான்.

அப்படியானால் மற்ற நாள்களில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நிலவு, கோள்கள், இரட்டை விண்மீன்கள் ஆகிய மூன்றுக்கும் ஊர் வெளிச்சம் பெரிய தடையே இல்லை. கோவையின் நடுவில் உள்ள மொட்டை மாடியிலிருந்து உங்கள் 8 அங்குலக் கண்ணாடி காட்டும் வியாழனும் ஆனைகட்டியில் காட்டும் வியாழனும் ஏறத்தாழ ஒன்றே. படிமத்தின் தெளிவைத் தீர்மானிப்பது காற்றின் அமைதியே தவிர இருட்டு அன்று. வளர்பிறை பஞ்சமி முதல் அஷ்டமி வரை, நிலவின் ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டை ஒட்டியுள்ள பள்ளங்கள் மாலை ஏழு மணிக்கே மிக அழகாகத் தெரியும். அரை மணி நேரம் போதும். குழந்தை அழுதால் காதில் விழும் தூரத்தில் நீங்கள் இருப்பீர்கள். இரவு எட்டரைக்குக் கீழே இறங்கிச் சாப்பிட உட்காரலாம்.

இன்னும் சிறியதும் உண்டு, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். சில விண்மீன்களின் ஒளி கூடியும் குறைந்தும் மாறும். அவற்றை வெறும் கண்ணாலோ 10×50 பைனாகுலராலோ பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டுக் குறித்து வருவதற்குப் பத்து நிமிடம் போதும். சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் அப்படிப்பட்ட மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே போனது. வழக்கமாக ரோகிணியைவிடப் பிரகாசமாக இருக்கும் விண்மீன் அது. அந்த மாதங்களில் ரோகிணிக்குப் பின்தங்கிவிட்டது. கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போன நேரத்தில்தான் நான் அதை நாள்தோறும் கவனித்தேன். ஒரு கையில் குழந்தைகளின் சீருடை, மறு கையால் தெருவிளக்கின் கூச்சத்தை மறைத்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பேன். ஒரு விண்மீனின் வாழ்க்கையில் நடந்த ஒரு பெரிய நிகழ்வுக்கு நான் சாட்சியாக இருந்தேன். அதற்காக ஓர் இரவுகூட வீட்டைவிட்டுப் போகவில்லை.

இனி உறுதி குறைந்த பகுதிக்கு வருகிறேன். இதற்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு 2009 ஆவணியில் திருமணம் நடந்தது. 2010 ஜனவரி 15 அன்று வளைய சூரிய கிரகணம். இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீண்ட நேரம் நீடித்த வளைய கிரகணம் அது. தனுஷ்கோடியில் நெருப்பு வளையம் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் நிற்கும் என்பது ஆண்டுக்கணக்கில் முன்பே கணக்கிடப்பட்டிருந்தது. அன்று மாட்டுப் பொங்கல். எங்களுக்கோ தலைப்பொங்கல். மாமனாரும் மாமியாரும் முதல் நாள் காலையில் பொங்கல் சீர் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்: பித்தளைப் பானை, கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, இரண்டு தேங்காய்க் குலைகள். அன்று மதியம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான், இரவு ராமேசுவரம் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். பத்து மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியபோது மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் பார்த்த வளையம் அழகானது, அதில் மாற்றுக் கருத்தில்லை. திரும்பி வந்தபோது அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். மனைவி அதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு மாதம் கழித்து வேறு ஏதோ பேச்சின் நடுவில் சொன்னார்: "கிரகணம் வரும்னு உங்களுக்கு எத்தனை வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். எனக்கு மட்டும் ஏங்க அன்னிக்கு மத்தியானம் தெரிஞ்சுது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். வானத்தில் நடப்பதைப் போல் முன்கூட்டியே தெரிகிற காரியம் உலகில் குறைவு. அடுத்த ஆண்டின் எல்லா அமாவாசைகளும் இன்றே நமக்குத் தெரியும். ஜெமினிட் எரிகற்கள் டிசம்பர் 13, 14 இரவுகளில் வரும் என்பது தெரியும். அப்படியிருக்க, "இன்னிக்கு ராத்திரி வானம் நல்லா இருக்கும்போல" என்று மாலை ஆறு மணிக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புவது, வீட்டிலிருப்பவரின் இரவை நாம் ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. பல வீடுகளில் மனைவியைப் புண்படுத்துவது கணவன் இல்லாத இரவுகளைவிட, எந்த இரவு இல்லாமல் போவான் என்று தெரியாமல் கழியும் இரவுகள்தான் என்று நான் நினைக்கிறேன். இது என் கணிப்பு மட்டுமே. ஆனால் வலுவான கணிப்பு.

2011 முதல் நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. புத்தாண்டுக் காலண்டர் வந்ததும் இருவரும் உட்காருவோம். முதலில் பேனா மனைவியின் கையில்: தம்பி வீட்டு விசேஷம், பிள்ளைகளின் தேர்வு, அவர் அம்மா வீட்டுக்குப் போகும் வாரம். அவர் குறித்து முடித்த பிறகு, மிச்சமிருப்பதில் ஆறு சனிக்கிழமைகளை நான் வட்டமிடுவேன். அந்த இரவு மேகமாகிவிட்டால் போனது போனதுதான். அதற்குப் பதிலாக வேறொரு நாளைக் கேட்பதில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முகம் சுளிக்காமல் நின்றுவிடுவேன். 2024 அக்டோபரில் சூச்சின்சான் அட்லஸ் வால்மீன் மேற்கே மாலையில் தெரிந்த வாரத்தில் மகனுக்குக் காய்ச்சல். நான் மருத்துவமனை வராந்தாவில் இருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வீட்டில் யாரும் அதற்காகக் குற்ற உணர்ச்சி கொள்ளும்படி நான் நடந்துகொள்ளவில்லை; அந்த அளவுக்கு மட்டும்தான் என்னால் உறுதி சொல்ல முடியும்.

அடுத்து, மறுநாள். இதை நம்மில் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதே இல்லை. இரவு ஒன்பது முதல் மூன்று வரை ஆறு மணி நேரம்தான் செலவாகிறது என்று நினைக்கிறோம். மூன்றரைக்குப் படுத்து, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எழுந்து, மாலை வரை எரிச்சலோடு நடமாடுகிறவருக்கு உண்மையில் செலவானது ஒன்றரை நாள்; அந்த ஒன்றரை நாளும் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் வேறொருவர். 14 மாதக் குழந்தை காலை ஆறு மணிக்கு எழுந்துவிடும். அதற்கு ஓரையன் நெபுலா தெரியாது. போகும் இரவுகளில் ஒரு மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள், அல்லது அங்கேயே தூங்கிவிட்டு விடிந்ததும் வாருங்கள். எப்படியானாலும், மறுநாள் காலை குழந்தை உங்கள் பொறுப்பு என்று முன்பே சொல்லி, அதைச் செய்துகாட்டுங்கள். குழந்தை பிறந்து ஓராண்டுக்கு மேலாகியும் உங்கள் மனைவிக்குத் தொடர்ச்சியான தூக்கம் இல்லை என்றால், அவருடைய கோபத்தில் பாதி அந்தச் சோர்விலிருந்து வருவதாக இருக்கலாம். அதற்கு மேல், எதிலும் பிடிப்பில்லாமல் எப்போதும் சோர்ந்தே இருக்கிறார் என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது என் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மூன்று மணிக்கு வண்டி ஓட்டி வருவதைப் பற்றி உங்கள் மனைவி பயப்படுவதாகவும், அது தேவையற்ற பயம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் அவர் பக்கம். காலை எழுந்ததிலிருந்து 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே 0.03 சதவீதம்தான். நீங்கள் ஆறு மணிக்கு எழுந்திருந்தால், இரவு பதினொன்றுக்கே அந்த நிலையைத் தொட்டுவிடுகிறீர்கள். மூன்று மணிக்கு அதைவிட மோசம். போதாததற்கு ஆனைகட்டிச் சாலை யானைகள் நடமாடும் சாலை. வீட்டில் ஒருவர் விழித்துக்கொண்டு வாசல் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பதைத் தொணதொணப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்திலேயே படுத்துவிட்டு வருவது என்று முடிவு செய்து அதைச் சொன்னால், உங்கள் சண்டைகளில் ஒன்று அன்றே நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

மனைவிக்கு எப்படி ஆர்வம் உண்டாக்குவது என்பதுதான் நீங்கள் நேரடியாகக் கேட்டது. இதில் என்னிடம் உறுதியான வழி எதுவும் இல்லை. உண்டாக்க முயல வேண்டாம் என்பதே என் எண்ணம். தொலைநோக்கிக்கு முன் நிறுத்தி, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டு, மங்கலான ஒரு புகைக்கீற்றுக்கு வியப்பைக் காட்டச் சொல்வது யாருக்கும் பிடிக்காது. பொருளின் பெயர், தொலைவு, வகை என்று அடுக்குவது அதைவிடப் பிடிக்காது. என் மனைவி முதன்முதலாகத் தானாகக் கேட்ட கேள்வி, திருமணத்தன்று காட்டிய அருந்ததி எங்கே இருக்கிறது என்பது. எங்கள் முகூர்த்தம் காலை எட்டு மணிக்கு. புரோகிதர் விரல் நீட்டிய திசையில் வெறும் வெயில்தான் இருந்தது. ஏப்ரல் மாத இரவு ஒன்றில், பாயில் படுத்தபடி, வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வாலில் இரண்டாவது விண்மீனான வசிட்டரைக் காட்டினேன். அதை ஒட்டி அருந்ததி மங்கலாக நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வசிட்டரைத் தொலைநோக்கியில் பார்த்தால் அதுவே இரண்டாகப் பிரியும் என்று சொன்னேன். "அதெல்லாம் வேணாம், இது போதும்" என்றார். இன்றுவரை தொலைநோக்கியில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. கோடையில் மாடியில் படுக்கும்போது அருந்ததியைத் தேடிப் பார்ப்பார். எங்கள் மகளுக்கு அதுவும் இல்லை. அவள் பாட்டு கற்கிறாள். மகன் வியாழனின் நிலவுகளைத் தாளில் வரைகிறான். யாருக்கு எது ஒட்டும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை.

கணவனும் மனைவியும் சேர்ந்து வானத்தைப் பார்த்த இணைகளும் உண்டு. எங்கள் மலைக்கு மேலேயே ஒரு சான்று இருக்கிறது. 1899 முதல் இயங்கிவரும் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு 1907இல் வந்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கண்டறிந்தார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. அவருடைய மனைவி மேரி எவர்ஷெட் அதே மலையில் சூரியச் சுடர்களை ஆராய்ந்து தம் பெயரில் கட்டுரை வெளியிட்டவர். கவிஞர் தாந்தேயின் காவியத்திலுள்ள வானியல் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஆனால் அவர்கள் முதலில் சந்தித்ததே 1896இல் நார்வேயில், சூரிய கிரகணம் பார்க்கப் போன இடத்தில். ஆர்வம் முன்னால் இருந்தது, திருமணம் 1906இல் பின்னால் வந்தது. உங்கள் வீட்டில் வரிசை வேறு. ஆகவே இப்படிப்பட்ட இணைகளை எடுத்துக்காட்டி மனைவியிடம் பேசாதீர்கள். அவர் திருமணம் செய்துகொண்டது உங்களை, உங்கள் தொலைநோக்கியை அன்று.

இதைவிட முக்கியமாக எனக்குப் பட்ட ஒன்று உண்டு. உங்கள் நீண்ட கேள்வியில் கருவியின் குவியத் தொலைவு வரை எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் மனைவிக்கு எது பிடிக்கும், திருமணத்துக்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார், இப்போது அவருக்கென்று வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் மாதம் நான்கு இரவுகள் வெளியே போய் மூன்று மணிக்குத் திரும்புவதாக இருந்தால் உங்கள் வீடும் அவர் வீடும் என்ன சொல்லும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு ஓர் இரவு என்றால், அவருக்கும் அதே அளவு நேரம், அதே போலக் காலண்டரில் குறிக்கப்பட்டு, குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டிருக்கும் நேரமாக இருக்க வேண்டும். அதில் அவர் தூங்கலாம், தோழி வீட்டுக்குப் போகலாம், எதுவும் செய்யாமல் இருக்கலாம். அதை நீங்கள் செய்யும் உதவி என்று சொல்லிக்காட்டாதீர்கள்.

பெரியவர்களைப் பற்றி ஒரே ஒரு செய்தி, ஏனெனில் அடுத்த கிரகணத்தின்போது இது உங்கள் வீட்டிலும் எழும். 2010இல் நான் மாமியாரிடம், கிரகண நேரத்தில் சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். நான் சொன்னது சரிதான். சொன்ன விதம் தவறு. 2019 டிசம்பர் 26 அன்று மீண்டும் ஒரு வளைய கிரகணம், இம்முறை திண்டுக்கல்லுக்கே வந்தது. காலை ஒன்பதரை மணி. மாணவர்கள் பாதுகாப்புக் கண்ணாடியோடு எங்கள் வீட்டு முற்றத்தில் கூடியிருந்தார்கள். மாமியார் வெளியே வரவில்லை. நிலைப்படிக்கு உள்ளே நின்றார். நானும் அழைக்கவில்லை. முற்றத்து வேப்பமரத்தின் இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு துளையாகி, சிமெண்டுத் தரையிலும் நிலைப்படியிலும் நூற்றுக்கணக்கான சிறு ஒளிவளையங்களை விழவைத்தன. காற்று வீசியபோது அத்தனையும் ஒன்றாக அசைந்தன. அவர் குனிந்து, காலடியில் விழுந்த ஒரு வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த வளையங்கள் ஏறக்குறைய மூன்று நிமிடம் நின்றன. அதற்கு நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை. அன்று கிரகணம் முடிந்து குளித்த பிறகுதான் அவர் சாப்பிட்டார்; நாங்களும் அவரோடு காத்திருந்து சாப்பிட்டோம்.

புகைப்படம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். விண்வெளிப் புகைப்படக் கலையில் இப்போது இறங்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. கண்ணால் பார்ப்பது ஒரு மணி நேரத்தில் நிறைவு தரும். படம் எடுப்பது முழு இரவுகளையும், பிறகு கணினி முன்னால் பல மாலைகளையும், நின்றுவிடாத செலவையும் கேட்கும். குழந்தை பள்ளிக்குப் போகும் வரை அதைத் தள்ளிவையுங்கள். ஓரையன் நெபுலா ஒவ்வோர் ஆண்டும் தை மாசியில் அதே இடத்தில் நிற்கும். 2031 மே 21 அன்று தென் தமிழகத்தின் வழியே இன்னொரு வளைய கிரகணம் கடக்கிறது. உங்கள் மகள் அப்போது பள்ளிச் சிறுமியாக இருப்பாள், உங்களோடு நின்று பார்க்கலாம்.

கடைசியாக விலை. அது வேறு விஷயம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்; நான் அப்படி நினைக்கவில்லை. ஐம்பதாயிரத்துக்கு மேல் போன ஒரு பொருளைப் பாதி விலை சொல்லி வீட்டுக்குள் கொண்டுவந்தால், அதை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொய்யும் உங்களோடு கிளம்பும்; உங்கள் உறுத்தலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். மனைவிக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கவும் கூடும். விலையைக் கைபேசியில் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. இரவுகளுக்கான ஒப்பந்தம், காலண்டர், சனிக்கிழமை எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள். அடுத்த ஓராண்டுக்கு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) உள்பட எதுவும் வாங்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு தொலைநோக்கியை விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை இருவருமாகப் பேசுங்கள். விற்பது என்று முடிவானால், கண்ணாடியைக் கையால் துடைக்காமல் அப்படியே விற்றுவிட்டு ஒரு நல்ல பைனாகுலரை வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டே பல ஆண்டுகள் பார்க்க வானத்தில் நிறைய இருக்கிறது. வைத்துக்கொள்வது என்றால், அடுத்த மழைக்காலத்துக்குள் குழாயின் இரு முனைகளையும் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரத்தில் கண்ணாடி கெடும். எந்த மாதம் எந்தக் கோள் உங்கள் மாடியிலிருந்து மாலையில் தெரியும் என்று கேட்டு எழுதினால், நாள் நேரத்தோடு குறித்து அனுப்புகிறேன்.